பதின்மூன்று பேர்ச்சில் ஒரு வீடு: வன்னியில் ஏழு குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய காணி

கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ9 வீதியிலிருந்து கிழக்கே உள்ளே போகும் ஒரு கிராமத்தில் 2019 முதல் 2024 வரை நடந்ததை இங்கே எழுதுகிறேன். வீடுகளுக்குப் படம் கீறிக் கொடுத்தவன் நான். காணி வாங்கிய நாளிலிருந்து கூட நின்றிருக்கிறேன். சில பிழைகளில் எனக்கும் பங்குண்டு, அவற்றையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன். ஆட்களின் பெயர், கிராமத்தின் பெயர் எதுவும் இதில் வராது.

பின்னணி

ஏழு இளம் தம்பதிகள். எல்லோரும் இருபத்தாறு வயதுக்கும் முப்பத்துநாலு வயதுக்கும் இடைப்பட்டவர்கள். ஓர் ஆசிரியர், ஒரு தாதி, ஓர் அபிவிருத்தி உத்தியோகத்தர், வயரிங் வேலை செய்பவர், உரக்கடை ஊழியர், லொறிச் சாரதி, ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண். தொழிற்சாலைப் பெண்ணின் கணவர் ஓட்டோ ஓட்டுபவர். எல்லோரும் வாடகை வீட்டிலோ மாமியார் வீட்டுப் பின் அறையிலோ இருந்தார்கள். ஒருவர் பெயரிலும் ஒரு பேர்ச் (ஏக்கரில் 160 இல் ஒரு பங்கு) காணி கூட இருந்ததில்லை.

வன்னியில் காணிக்கு என்ன பஞ்சம் என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். பஞ்சம் காணிக்கு இல்லை, பிரிக்கக்கூடிய காணிக்குத்தான். இங்கே பெரும்பாலான குடியிருப்புக் காணிகள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிட்டில், அதாவது அரச அனுமதிப்பத்திரத்தில், கொடுக்கப்பட்டவை. பிரதேச செயலகத்தின் சம்மதம் இல்லாமல் அதை விற்கவோ பிரிக்கவோ முடியாது. அப்பாவின் அரை ஏக்கர் பெர்மிட் காணியை மூன்று பிள்ளைகளுக்கும் துண்டாக்கி எழுத ஏலாது. அந்தக் காணியில் இருக்கும் வீடும் இந்திய அரசின் உதவித் திட்டத்தில் ஐந்தரை லட்சம் ரூபாவுக்குக் கட்டிய 550 சதுர அடி வீடு. மீள்குடியேறியபோது பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இப்போது தாங்களே பிள்ளைகளைப் பெற்றுவிட்டார்கள். வழக்கப்படி வீடு ஒரு மகளுக்குச் சீதனமாகப் போகும். மற்றவர்கள் தங்கள் வழியைத் தாங்களே பார்க்க வேண்டும்.

யோசனையைக் கொண்டுவந்தவர் வயரிங்காரர். போனில் ‘டைனி ஹவுஸ்’ வீடியோக்கள் பார்த்திருக்கிறார். அமெரிக்காவில் 400 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டை அந்தப் பெயரில் கட்டட விதிக்கோவையே தனியாக வரையறுத்திருக்கிறது. வீடியோவில் வருபவற்றில் பாதி, சில்லுப் பூட்டி இழுத்துக்கொண்டு போகும் வீடுகள். நமக்கு அது சரிவராது என்பது அவருக்கும் தெரியும். அவரைப் பிடித்தது கணக்கு மட்டும்தான்: வீட்டைச் சின்னதாகக் கட்டி, கிணறு, ஒழுங்கை, மரநிழல் எல்லாவற்றையும் பொதுவில் வைத்தால் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு விழும்?

கொட்டில் என்ற சொல்

முதல் எதிர்ப்பு பெற்றோரிடமிருந்து வந்தது. நான் 320 சதுர அடிப் படத்தை விரித்துக் காட்டியபோது ஆசிரியரின் தாயார் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்:

“தம்பி, தகரக் கொட்டிலுக்குள்ள அஞ்சு வருசம் இருந்து எழும்பினனாங்கள். இப்ப பிள்ளையள் காசு குடுத்து இன்னொரு கொட்டிலுக்கோ போகப் போகுதுகள்?”

2009 க்குப் பிறகு முகாமிலிருந்து திரும்பிய குடும்பங்கள் தற்காலிகத் தகரக் கொட்டில்களில் கிடந்த வருடங்களை இங்கே யாரும் மறக்கவில்லை. 2016 இல் வடக்குக் கிழக்குக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் என்ற திட்டம் பேசப்பட்டபோதும் இந்தக் கோபம்தான் எழும்பியது. அதனால் ‘சின்ன வீடு’ என்றதும் இங்கே யாருக்கும் வீடியோவில் வரும் அழகு ஞாபகம் வராது, முகாம்தான் வரும். நான் முதலில் இதை வயதானவர்களின் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டேன். அது என் பிழை. அந்த அம்மா சதுர அடியைப் பற்றிப் பேசவே இல்லை. கொட்டிலுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது, வெயிலில் இருக்க முடியாது, வருகிறவரை இருத்த இடம் கிடையாது. அவர் சொன்னது இதைத்தான்.

அதன் பிறகு படத்தை மாற்றினோம். உள்ளே 320 சதுர அடியைத் தொடவில்லை: ஒரு அறை, ஒரு கூடம், சின்னக் குசினி, குளியலறையோடு சேர்ந்த மலசலகூடம். முன்னால் எட்டடி அகலம், இருபதடி நீளத்தில் ஒரு விறாந்தை சேர்த்தோம். சுவர் உயரத்தை ஒன்பதரை அடியாக்கினோம். விறகடுப்புக்குப் பின்னால் தனிச் சாய்ப்புப் பத்தி. அறையின் பின் சுவரில் ஒரு கதவுக்கான லிண்டலை (வாசலுக்கு மேலே சுவரைத் தாங்கும் விட்டத்தை) இப்போதே போட்டு, கீழ் இடைவெளியைக் கல்லால் இலேசாக அடைத்துவிடுவது என்று தீர்மானித்தோம். பிறகு ஓர் அறை கூட்ட நினைத்தால் அடைப்பைத் தட்டினாலே வாசல். கூரையின் சாய்வும் அந்தப் பக்கம் விழாமல் பார்த்துக்கொண்டோம். இந்த லிண்டலுக்கு ஒரு வீட்டுக்கு ஆன கூடுதல் செலவு ஒரு மேசனின் இரண்டு நாள் கூலிக்கு மேல் வராது. முழு வேலையிலும் நாங்கள் எடுத்த நல்ல முடிவு இதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

காணி

காணி கிடைத்தது 2019 ஓகஸ்டில். பன்னிரண்டு பரப்பு, அதாவது முக்கால் ஏக்கர். பெர்மிட் இல்லை, உறுதிக் காணி, அதாவது சொந்தப் பத்திரம் உள்ள காணி. பரப்பு மூன்று லட்சம், மொத்தம் 36 லட்சம். ஏழாகப் பிரித்தால் ஒரு குடும்பத்துக்கு ஐந்து லட்சத்துப் பதினாலாயிரம் சொச்சம். முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம். அது மட்டும் ஒரு லட்சத்து நாற்பத்துமூவாயிரம். உறுதி எழுதும் நொத்தாரிசின் கூலி தனி.

விற்றவருக்கு மூன்றில் இரண்டு பங்கு, கனடாவிலுள்ள சகோதரிக்கு மூன்றில் ஒன்று. சகோதரி தன் சார்பில் ஒப்பமிட அற்றோணிப் பத்திரம் அனுப்பியிருந்தார். விற்றவர் முழுக் காணியையும் ஒரே கையில் விற்க விரும்பினார். துண்டாக அளந்து, பிரதேச சபையில் அங்கீகாரம் எடுத்து, ஏழு உறுதி எழுதுவதென்றால் மாதக் கணக்கில் போகும், அதற்கு நிற்க மாட்டேன் என்றார். பரந்தனிலிருந்து இன்னொருவர் காசோடு வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

சரி, முதலில் வாங்கிவிடுவோம், பிறகு பிரிப்போம் என்று முடிவெடுத்தார்கள். ஒரே உறுதி, ஏழு பேருக்கும் பிரிபடாத ஏழிலொரு பங்கு. நொத்தாரிசு எச்சரிக்கத்தான் செய்தார். எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள், என்ன வரப்போகிறது என்று நானும் சேர்ந்து தலையாட்டினேன். பிறகு வந்த சிக்கல்களில் முக்கால்வாசி இந்த ஒரு நாளில் இருந்து தொடங்கியவை.

இன்னொன்றையும் அன்று கேட்டும் கேட்காமல் விட்டோம். பக்கத்துக் காணி ஐயா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “2018 மார்கழியில இந்தக் கிழக்கு மூலையில முழங்கால் தண்ணி நிண்டது” என்றார். அந்த மாதம் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து மாவட்டமே வெள்ளத்தில் நின்றது. அது பெருவெள்ளம், ஒவ்வொரு வருடமும் வருமா என்று விட்டுவிட்டோம். நாங்கள் காணி பார்த்தது ஆவணி வெயிலில், தரை வெடித்துக் கிடந்த நேரத்தில்.

முதல் படமும் முதல் மாரியும்

துண்டு போட்டுக் குலுக்கி யாருக்கு எந்தப் பங்கு என்று பேசிக்கொண்டார்கள். நடுவில் ஒழுங்கை, ஒரு பக்கம் நாலு வீடு, மறுபக்கம் மூன்று வீடும் பொது வளவும். பொது வளவை எங்கே வைப்பது? கிழக்கு மூலை பள்ளம், அதை யாரும் தங்கள் பங்காக எடுக்க விரும்பவில்லை. அப்போ அது பொதுவாகட்டும். கிணறும் அங்கேதான், பள்ளத்தில் சீக்கிரம் தண்ணி காணும் என்று ஒரு காரணமும் சொல்லிக்கொண்டோம். எவருக்கும் வேண்டாத மூலையைப் பொதுவுக்குத் தள்ளிவிட்டோம் என்பதை அப்போது யாரும் இப்படி யோசிக்கவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து எல்லாம் நின்றது. வேலை தொடங்கியது செப்டெம்பரில். கிணறு வெட்டுவதை மழைக்குப் பிறகு வைப்போம் என்று தள்ளிப்போட்டது தற்செயல்தான். டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் வந்தது. காற்றால் எங்களுக்குப் பெரிய சேதம் இல்லை, மழைதான். மூன்றாம் நாள் குடையோடு போய்ப் பார்த்தால் கிணற்றுக்கு அடித்திருந்த முளைக்கட்டைகள் தண்ணிக்குள். மேற்கேயிருந்து வரும் ஓட்டம் முழுக் காணியையும் கழுவிக்கொண்டு அந்த மூலைக்குத்தான் போனது. மேற்குப் பங்குகளில் மலசலகூடக் குழி வெட்டியிருந்தால் அதன் ஊத்தையும் கிணற்றுக்குள்தான் போயிருக்கும்.

கிணற்றுக்கும் குழிக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும் என்பது எல்லா மேசனுக்கும் தெரிந்த கணக்கு. ஒவ்வொரு பங்கும் பதின்மூன்று பேர்ச், ஏறக்குறைய 64 அடிக்கு 55 அடி. ஆளுக்கொரு கிணறு, ஆளுக்கொரு குழி என்றால், உங்கள் கிணற்றை உங்கள் குழியிலிருந்து தள்ளத் தள்ள அது அடுத்த வீட்டுக் குழிக்குக் கிட்டப் போகும். சின்னப் பங்குகளில் பங்குக் கிணறு சிக்கனத்துக்காக மட்டும் வைப்பதில்லை, வேறு வழியும் கிடையாது. அந்தக் கிணறு மேட்டில்தான் இருக்க வேண்டும், குழிகள் எல்லாம் அதற்குக் கீழே.

ஆகவே படத்தைத் தலைகீழாக்கினோம். பொது வளவும் கிணறும் மேற்கு மேட்டுக்கு, வீதிப் பக்கம் வந்தன. வீதிக்கு மற்றப் பக்க வீட்டின் குழி எங்கே என்று கேட்டு அளந்தும் பார்த்தோம், எண்பதடி இருந்தது. ஒவ்வொரு வீட்டின் குழியும் அந்தப் பங்கின் கிழக்குக் கரையில். கிழக்கு மூலை இப்போது யாரோ ஒருவரின் வீட்டுப் பங்காக வேண்டும். இதற்கு மூன்று கூட்டம் போனது. கடைசியில் வயரிங்காரரே எடுத்துக்கொண்டார். அவருக்கு மற்றவர்களைவிட ஒரு பேர்ச் கூட, பதினாலு. அத்திவாரத்தை நிலத்திலிருந்து இரண்டரை அடி உயர்த்தும் செலவும் கிறவல் (சரளை மண்) நிரப்பும் செலவும் ஏழு பேரின் பொதுச் செலவு. கிறவல் பதினெட்டு லோட் போனது.

மண்கல்

சீமெந்தைக் குறைக்க அழுத்திய மண்கல்லில் கட்டுவது என்று முதல் மூன்று வீட்டாரும் தீர்மானித்திருந்தார்கள். கையால் அமுக்கும் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். கிறவல் மண்ணை அரித்து, பன்னிரண்டு வாளி மண்ணுக்கு ஒரு வாளி சீமெந்து. அமுக்கிய கல்லை நிழலில் அடுக்கி, ஈரச் சாக்குப் போட்டு நாலு கிழமை பதப்படுத்த வேண்டும். மேசன்மார் முதல் நாளே, “அண்ணை, இது மழைக்குக் கரையும்” என்றார்கள். பதப்பட்ட கல் கரையாது என்று நான் அடித்துச் சொன்னேன். புரெவி வந்த நேரம் அடுக்கிலிருந்த 1,100 கல்லில் 400 வரை ஒரு கிழமை கூட ஆகாதவை. மேலே போட்டிருந்த தறப்பாளைக் காற்று இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்த நானூறும் கூழாய்ப் போயின. பதப்பட்டவை அப்படியே இருந்தன. ஆனால் அதற்குப் பிறகு மேசன்மாரிடம் வாய் திறக்க எனக்கு முகம் இல்லை.

இரண்டு மாற்றம் செய்தோம். கல் அறுப்பது தை பிறந்த பிறகுதான், மாரிக்குள் இல்லை. சுவரின் முதல் மூன்று வரி சீமெந்துக் கல், அதற்கு மேல்தான் மண்கல். கூரையிலிருந்து விழும் தண்ணி தெறிப்பது அந்த உயரம் வரைக்கும்தான்.

2021 நடுப்பகுதியில் மூன்று வீடுகள் முடிந்தன. ஓட்டுக் கூரை. விறாந்தைக்கு அனுமதியோடு தறித்த பனையின் சலாகை. ஒவ்வொன்றும் பன்னிரண்டு லட்சத்துக்கும் பதின்மூன்று லட்சத்துக்கும் இடையில். கரைந்த கல்லின் நட்டத்தைச் சேர்த்தால், சீமெந்துக் கல்லில் கட்டியிருந்தாலும் இதே காசுதான் போயிருக்கும். வைகாசி வெயிலில் உள்ளே போய் நின்றால் மட்டும் வித்தியாசம் தெரிந்தது.

வங்கி கேட்ட கேள்வி

இந்த மூன்று வீடும் சேமிப்பிலும் நகையிலும் வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய காசிலும் எழும்பியவை. தாதியும் ஆசிரியரும் சம்பளக்காரர்கள், வங்கிக் கடனை நம்பியிருந்தவர்கள். ஏழு பேரில் கடனுக்கு மிகத் தகுதியானவர்களும் அவர்கள்தான். 2021 செப்டெம்பரில் வங்கியில் கடன் உத்தியோகத்தர் உறுதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதில உங்கட துண்டு எது எண்டு காட்டுங்கோ” என்று கேட்டாராம்.

காட்ட முடியவில்லை. காணியில் வேலி இருக்கிறது, முளைக்கட்டை இருக்கிறது, ஒவ்வொருவரும் நட்ட தென்னம்பிள்ளைகூட இருக்கிறது. உறுதியில் இருப்பது பன்னிரண்டு பரப்பில் பிரிபடாத ஏழிலொன்று. கடன் முறிந்தால் வங்கி எதை விற்கும்? இரண்டாவது வங்கியிலும் அதே பதில்.

ஒவ்வொருவரின் துண்டையும் தனித்தனியாகக் காட்டும் பிரிப்பு உறுதி எழுத வேண்டும் என்பது அன்று தெளிவாயிற்று. நில அளவையாளரைக் கொண்டு அளந்து, பிரதேச சபைக்குப் படம் போனது. ஒழுங்கை 12 அடிதான் இருக்கிறது, 15 அடி வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். 12 அடி என்று கீறியது நான். இரண்டு பக்கமும் வளர்ந்து நின்ற கிளுவை வேலியை ஒன்றரை அடி உள்ளே தள்ளி நட்டோம். இந்தத் திருத்தம் நடக்கும்போதே 2022 வந்துவிட்டது.

2022

அந்த வருடத்தைப் பற்றி இலங்கையில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2019 இல் ஆயிரம் ரூபாவை ஒட்டி நின்ற 50 கிலோ சீமெந்துப் பை, நடுப்பகுதியில் மூவாயிரத்தை ஒட்டிப் போனது. ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. தாதியின் கணவர் கடன் விண்ணப்பத்தைத் தானாகவே மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டார்.

அதிகம் அடிபட்டது தொழிற்சாலைப் பெண்ணின் குடும்பம். பெற்றோல் வரிசையில் ஓட்டோ நாள் கணக்கில் நின்றது. யூலையில் எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தபோது ஓட்டோவுக்குக் கிழமைக்கு ஐந்து லீற்றர். நகை ஏற்கெனவே அடகில். தங்கள் பங்கை விற்கிறோம் என்று வந்து சொன்னார்கள்.

வெளியிலிருந்து ஒருவர் ஒன்பது லட்சம் தர வந்தார். இங்கே வடக்குத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை குறுக்கே வந்தது. 1947 ஆம் ஆண்டின் தேசவழமை முன்கொள்வனவுக் கட்டளைச் சட்டப்படி, பிரிபடாத பங்கை விற்கும்போது பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு அறிவிக்காமல் விற்றால் பிறகு வழக்கு வைக்கலாம். நொத்தாரிசு இதை வாங்க வந்தவருக்கு விளக்கிச் சொன்னதும் அவர் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். மற்ற ஆறு பேரிடமும் வாங்கக் காசு இல்லை. வாங்கவும் முடியாது, விற்க விடவும் முடியாது என்ற நிலை.

அடுத்த இரண்டு மாதமும் கசப்புத்தான். போட்ட காசை, ஐந்து லட்சத்துச் சொச்சத்தை, அப்படியே கொடுப்போம் என்றார்கள் இருவர். “அந்தக் காசுக்கு இப்ப என்ன வாங்கலாம்?” என்று ஓட்டோக்காரர் கேட்டதில் நியாயம் இருந்தது. இரண்டு வீட்டுப் பெண்கள் கிணற்றடியில் முகம் பார்க்காமல் தண்ணி அள்ளிக்கொண்டு போன நாட்களும் உண்டு. நாலாவது கூட்டத்தில் ஏழு லட்சம் என்று தீர்ந்தது. ஆறு பேரும் மாதம் இருபதாயிரம் போட்டு, ஆறு மாதத்தில் ஏழு லட்சத்து இருபதாயிரம். மிஞ்சிய இருபதாயிரம் உறுதிச் செலவுக்கு. அந்த ஆறு மாதமும் ஒருவரும் தங்கள் வீட்டில் ஒரு கல் கூட வைக்கவில்லை. விலகிப் போனவர்கள் இன்றும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். இதை நல்ல தீர்வு என்று நான் சொல்ல மாட்டேன், வழக்கு இல்லாமல் முடிந்தது என்று மட்டும் சொல்லலாம்.

பழைய உறுதி

பிரிப்பு உறுதிக்கு எல்லோரும் ஒப்பமிட வேண்டும். வயரிங்காரர் செப்டெம்பரில் கட்டாருக்குப் போய்விட்டார். தூதரகத்தின் ஊடாக மனைவிக்கு அற்றோணி வந்து சேர மூன்று மாதம். காத்திருந்த காலத்தில்தான் முக்கியமான ஒன்று நடந்தது.

பங்குகளை எப்படி எழுதுவது என்பதில் சிக்கல் இல்லை. கிணற்றையும் ஒழுங்கையையும் பொது வளவையும் எப்படி எழுதுவது என்பதில்தான் இழுபட்டோம். சங்கம் ஒன்றைப் பதிந்து அதன் பெயரில் விடலாம் என்றேன். சங்கம் செத்தால் கிணறு யாருக்கு என்று கேட்டார்கள். பதில் இல்லை. ஆசிரியரின் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து அறுபதுகளில் இங்கே குடியேறிய குடும்பம். அவர் ஒரு நாள் பொலித்தீன் பையில் சுற்றிய பழைய உறுதிப் பிரதி ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய பேரனாரின் தோட்டக் காணி உறுதி. எல்லைகளைச் சொல்லி முடித்த பிறகு, ‘கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் பாத்தியதையும்’ என்று ஒரு வரி.

அந்த ஒரே வரிக்குள் எல்லாம் இருந்தது. கிணறு காணியோடு ஒட்டியது, காணி கைமாறினால் கிணற்றுப் பங்கும் கூடவே போகும். போய்வர வழி, தண்ணி ஓட வாய்க்கால், இரண்டையும் மறிக்க யாருக்கும் உரிமை இல்லை. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் துண்டு துண்டான காணிகளோடு தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் சமாளித்தார்கள். நாங்கள் போனில் தேடிக்கொண்டிருந்தது வீட்டுப் பரணில் கிடந்தது.

2023 மார்ச்சில் பிரிப்பு உறுதி நிறைவேறியது. ஒவ்வொருவருக்கும் தன் பங்கு தனியாக. அதனோடு கிணற்றிலும் ஒழுங்கையிலும் பொது வளவிலும் ஏழிலொரு பங்கு. விலகியவரின் பங்கு ஆறு பேரின் பெயரில். பொதுவில் உள்ளதைப் பிரித்துத் தனியே விற்க முடியாது, ஒழுங்கைக்குக் கேற் போட முடியாது, மழைத் தண்ணி கிழக்கே ஓடும் கானை மறிக்க முடியாது. மோட்டார்க் கரண்ட் காசு, கிணறு இறைப்பு, தோட்டத்துக்குத் தண்ணி விடும் முறை இவற்றையும் உறுதிக்குள் போட நினைத்தோம். நொத்தாரிசு மறுத்தார். நாளைக்கு மாற்ற வேண்டியவற்றை உறுதியில் எழுதாதீர்கள், வேறு தாளில் எழுதிக் கையெழுத்து வையுங்கள் என்றார். சரியான புத்திமதி. அந்தத் தாள் அதன் பிறகு இரண்டு முறை மாறிவிட்டது.

இன்றைய நிலை

பிரிப்பு உறுதியைக் கொண்டுபோன தாதிக்கு மூன்று மாதத்தில் கடன் கிடைத்தது. 2023 கடைசியில் அவர் வீடு முடிந்தது, 23 லட்சம். 2021 இல் முடிந்த அதே வீடு, அதே படம். இந்த முறை மண்கல்லின் கணக்கே வேறு. சீமெந்து விலை ஏறியிருந்ததால் மண்கல்லுக்கும் சீமெந்துக் கல்லுக்கும் இடையிலான வித்தியாசம் இப்போது பட்டியலில் கண்ணுக்குத் தெரிந்தது. முன்பு ‘கரையும்’ என்ற அதே மேசன் தானாகவே தறப்பாளைக் கயிறு போட்டுக் கட்டினார். ஆசிரியர் வீடு 2024 இல், கிட்டத்தட்ட அதே செலவில்.

கிணறு, மோட்டார், தண்ணித் தாங்கி எல்லாம் சேர்த்து நாலு லட்சத்து அறுபதாயிரம் பொதுச் செலவு. மோட்டாரின் கரண்ட் முதலில் உரக்கடைக்காரர் வீட்டு மீற்றரில் இருந்தது. பில் கூடியதற்குக் காரணம் மோட்டாரா அவர் வீட்டு ஃபிரிஜ்ஜா என்று ஒரு சண்டை வந்தபோது, கட்டாரிலிருந்து லீவில் வந்த வயரிங்காரர் துணை மீற்றர் ஒன்று போட்டார். அன்றோடு அது தீர்ந்தது. தண்ணி விசயம் அப்படித் தீரவில்லை. வாய்க்காலில் இரணைமடுத் தண்ணி ஓடும்வரை கிணறு நன்றாக ஊறும். சிறுபோகம் முடிந்து வாய்க்கால் காய்ந்தால் ஓகஸ்ட், செப்டெம்பரில் மட்டம் விழுகிறது. அந்த நேரம் ஒருவர் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணி விட்டால் மற்றவர் தாங்கி நிரம்பாது. இப்போது முறை வைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலையில் அரை மணித்தியாலம்.

2024 நவம்பர் கடைசியில் பெய்த பெருமழையில் ஒழுங்கையின் கிழக்கு முனையில் கணுக்கால் தண்ணி இரண்டு நாள் நின்றது. வீடு ஒன்றுக்குள்ளும் ஏறவில்லை, கிணற்றுக்குள்ளும் போகவில்லை. வயரிங்காரரின் மனைவி படிக்கட்டில் இருந்துகொண்டு படம் எடுத்து அனுப்பினார். தண்ணி இரண்டாவது படியில் நின்றது.

ஐந்து வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு வீட்டில் பின் சுவர் லிண்டலுக்குக் கீழ் அடைப்பைத் தட்டி அறை கூட்டிவிட்டார்கள். அவை இனிச் சின்ன வீடுகளும் இல்லை, நானூற்றைம்பது சதுர அடிக்கு வந்துவிட்டன. அந்த அம்மா மகனின் விறாந்தையில் கதிரை போட்டு இருக்கிறார். வீடு பிடித்திருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. விலகியவரின் பங்கை 2024 இல் ஓர் இளம் தம்பதி பத்து லட்சத்துக்கு வாங்கினார்கள். பங்கைப் பார்க்க வந்த பெண்ணின் தகப்பனார் வீட்டுப் படத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை, உறுதியில் கிணற்று வரி எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார்.

திரும்பச் செய்வதானால்

அளந்து பிரித்த பிறகுதான் காசு கைமாற வேண்டும். விற்பவர் நிற்கவில்லை என்றால் முற்பணம் கொடுத்து உடன்படிக்கை எழுதி வைத்திருக்கலாம். அதுவும் முடியாவிட்டால் அந்தக் காணியை விட்டிருக்க வேண்டும். பரந்தன்காரர் வாங்கியிருந்தால் நாங்கள் இழந்திருப்பது ஒரு காணி. வாங்கியதால் இரண்டு குடும்பத்துக்கு இரண்டு வருடமும், ஒரு குடும்பத்துக்கு வீடே இல்லாமலும் போனது. இரண்டு வருடம் முந்திக் கடன் கிடைத்திருந்தால் தாதியின் வீடு பாதிச் செலவில் முடிந்திருக்கும்.

ஒரு மாரி பார்க்காமல் கிணற்றுக்கு இடம் குறிக்க மாட்டேன். பக்கத்துக் காணிக்காரர் வேலிக்கு மேலால் சொல்வதைக் கொப்பியில் எழுதிக்கொள்வேன். பொதுவுக்கு என்று ஒதுக்கும் நிலம் நல்ல நிலமாக இருக்க வேண்டும், முதலில் அதைக் குறித்துவிட்டு மிச்சத்தைத்தான் பிரிக்க வேண்டும். யாராவது விலக நேர்ந்தால் என்ன விலை, எத்தனை மாதத்தில் என்பதை எல்லோரும் சிநேகிதமாக இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும். அந்தத் தாள் எங்களிடம் இருந்திருந்தால் கிணற்றடியில் அந்த இரண்டு மாதம் அப்படிப் போயிருக்காது.

விறாந்தையையும் லிண்டலையும் மாற்ற மாட்டேன். மண்கல்லைப் பற்றி இன்னும் முடிவாகச் சொல்ல முடியவில்லை. சீமெந்து விலையைப் பொறுத்துத்தான் அதன் பதிலும்.

ஆறாவது பங்கு லொறிச் சாரதியினுடையது. அத்திவாரம் மட்டும் எழும்பி நிற்கிறது, நடுவில் புல் முளைத்துவிட்டது. மாதச் சம்பளச் சீட்டு இல்லாதவருக்குப் பிரிப்பு உறுதி இருந்தும் வங்கி இன்னும் இழுக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு வந்து, தங்கள் முறைத் தண்ணியை இரண்டு தென்னம்பிள்ளைக்கும் விட்டுவிட்டுப் போகிறார்கள்.